குடிலுக்குப் போன களிமண்

கிறிஸ்துமஸுக்கு நான்கு நாட்கள் இருந்தன. காலை ஒன்பது மணிக்கு, எங்கள் பட்டறையின் பின்புறச் சாய்ப்பில் அடுக்கி வைத்திருந்த சாக்குகளில் நான்கு குறைவதைக் கண்டேன். முந்தின நாள் மாலையில் பதினேழு இருந்தன. இரண்டு தடவை எண்ணியும் பதின்மூன்றுதான் வந்தது. மூடியிருந்த தார்ப்பாயை யாரோ ஒழுங்காக மடித்து, அதன்மேல் கல்லும் வைத்திருந்தார்கள். திருட வந்தவன் அப்படிச் செய்யமாட்டான். அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. தெரிந்த யாரோ, நல்ல எண்ணத்தோடு எடுத்துப் போயிருக்கிறார்கள்.

கருங்கல் சந்தையிலிருந்து சிறிது தள்ளி, பாசனச் சானலின் கரையை ஒட்டி இருந்தது அந்தப் பட்டறை. பித்தளைக் கதவுக் கைப்பிடிகளுக்கும் கொண்டிகளுக்கும் குழாய்களுக்கும் நிக்கல் முலாம் பூசுவது எங்கள் தொழில். வேதியியல் படித்த ஆள் அங்கே நான் ஒருத்திதான். நாஞ்சில் நாட்டு வயல்கிராமம் ஒன்றில் பிறந்து, நாகர்கோவிலில் படித்து, கல்யாணமாகி மேற்கே வந்தவள். தொட்டிகளில் ரசாயனம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். ஆனால் முலாம் பூசிய சாமானைக் கழுவுகிற தண்ணீர் இளம்பச்சையாக வெளியேறி ஓடையில் கலப்பதை நான் வந்த முதல் வாரமே பார்த்தேன். அந்தப் பச்சை நிக்கல்.

யாரோ புகார் எழுதிப் போட்டார்கள். அதிகாரிகள் வந்து தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்கள். சரிசெய்ய அவகாசம் கொடுத்தார்கள். பெரிய சுத்திகரிப்பு இயந்திரம் வாங்க எங்கள் முதலாளியால் முடியாது. அப்போதுதான் நான் களிமண்ணைப் பற்றிச் சொன்னேன். கல்லூரியில் அதைத்தான் சோதனையாகச் செய்திருந்தேன். களிமண் துகள் என்பது மிக மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்தது. அந்தத் தகடுகள் கால்சியத்தையும் சோடியத்தையும் தங்களிடம் பிடித்து வைத்திருக்கும். நிக்கல் கரைந்த தண்ணீரில் போட்டால் அவற்றை விட்டுவிட்டு நிக்கலைப் பிடித்துக்கொள்ளும்.

எங்கள் ஊர்க் குளத்தைத் தூர்வாரியபோது செங்கல் சூளைக்குப் போன அடிமண்ணில் ஒரு லோடு கேட்டு வாங்கினேன். காயவைத்து, இடித்து, துணியில் சலித்து, சோடா கரைசலில் ஊறவைத்தேன். எந்த அளவு மண், எவ்வளவு சுண்ணாம்பு, எத்தனை மணி நேரம் கலக்குவது என்று கண்டுபிடிக்க நான்கு மாதம் ஆயிற்று. கடைசியில் ஒருநாள், மண் அடியில் படிந்தபின் மேலே நின்ற தண்ணீரை ஒரு சோதனைக் குழாயில் எடுத்தேன். அதில் அம்மோனியாவும், டிஎம்ஜி என்று நாங்கள் சொல்லும் மருந்தும் சொட்டவிட்டேன். நிக்கல் இருந்தால் அது ரோஜா நிறத்தில் சிவக்கும். சிவக்கவில்லை. முதலாளி குழாயை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் பரோட்டா வாங்கி வரச் சொன்னார். அதிகாரிகளின் அடுத்த சோதனையிலும் தேறினோம்.

தண்ணீர் தெளிந்த சந்தோஷத்தில் மண்ணை மறந்துபோனேன். மறந்தேன் என்றால் அது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இல்லை. வடிகட்டிய சேற்றைத் தகரத் தட்டில் காயவைத்து, சாக்கில் கட்டி, சாய்ப்பில் அடுக்கினோம். ஒரு லாரி நிறையச் சேர்ந்தபிறகு, இதுபோன்ற கழிவைப் பாதுகாப்பாகப் புதைக்கும் இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் இரண்டு சாக்குகளில் பெயிண்டால் ‘கழிவு, தொடாதே’ என்று எழுதினேன். பெயிண்ட் தீர்ந்தது. மற்றவற்றில் எழுதவில்லை. எட்டு மாதமாக, நாளைக்கு எழுதலாம் என்று இருந்துவிட்டேன்.

வாசலில் வாட்ச்மேன் அண்ணன் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். கீரிப்பாறை எஸ்டேட்டில் இளம் வயதிலிருந்து ரப்பர் பால் வெட்டி ஓய்வுபெற்றவர். கோபமாக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

“அண்ணே, சாய்ப்புல நாலு சாக்கு காணல்லியே?”

“அதா? எங்க அன்பியத்துப் பெண்ணுங்க கொண்டுபோனாவ மக்கா,” என்றார் சாதாரணமாக. சர்ச் பங்கில் பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்த ஒரு குழுவை அவர்கள் அன்பியம் என்பார்கள். கிறிஸ்துமஸுக்கு இயேசு பிறந்த தொழுவத்தைச் செய்துவைப்பதுதான் குடில். “குடில் கெட்டுகதுக்கு களிமண்ணு வேணும்னு கேட்டாவ. இது நல்ல சலிச்ச மண்ணுல்லா, ஒரு கல்லு கெடயாது, மாவு கணக்கா இருக்கு. சும்மாதானே கெடக்குன்னு ஆட்டோல ஏத்தி விட்டேன். நேத்து நீ எறங்கிப் போன பொறவு.”

“அண்ணே, அது வெறும் மண்ணில்ல. தண்ணில இருந்த நிக்கல் எல்லாம் இப்ப அதுக்குள்ளதான் இருக்கு.”

அவர் செய்தித்தாளை மடிக்கவும் மறந்து எழுந்து நின்றார். “வெள்ளம் சுத்தமாச்சுன்னுதானே எல்லாரும் சொன்னிய?” தண்ணீரை அவர் வெள்ளம் என்றுதான் சொல்வார்.

அவர் கேட்டதில் தவறே இல்லை. எட்டு மாதம் அந்தச் சாக்குகளுக்குக் காவல் இருந்தவரிடம் அவற்றுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருநாள்கூட நான் சொன்னதில்லை.

முதலாளியைப் போனில் பிடித்தேன். அவர் நாகர்கோவிலில் ஒரு கடையில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டே தள்ளிப் போனார். பின்னால் லாரிச் சத்தம் குறைந்தது.

“பிள்ளே, நீ பதறாத. யார்ட்டயும் ஒண்ணும் சொல்லாண்டாம்.”

“குடில் கட்டுகது பெண்ணுங்களும் சின்னப் பிள்ளையளும் அண்ணாச்சி. வெறுங்கையால பிசைவாவ.”

“அதுக்குத்தான் சொல்லுகேன். நம்மகிட்ட புதுமண்ணு சலிச்சது இருக்குல்லா? அதுல நாலு சாக்கு கொண்டுபோ. அது பழைய மண்ணு, ஒட்டாது, இது நல்ல மண்ணுன்னு சொல்லி மாத்தி எடுத்துட்டு வந்திரு. காரியம் முடிஞ்சிது.”

“கேட்டா?”

“என்ன கேக்கப் போறாவ? எட்டி, யோசிச்சுப் பாரு. நீயும் நானும் யாரு, அவிய யாரு? குடிலுக்கு விஷமண்ணைக் குடுத்தாவன்னு ஒருத்தன் வாயத் தொறந்தாம்னா நம்ம ஊருல அது எங்க போய் முடியும்? பட்டறை போனா போட்டும். மத்தத யோசி.”

அதை யோசித்தேன். அவர் பயம் பொய்யான பயம் இல்லை. எங்கள் மாவட்டத்தில் கோயில், சர்ச் என்று வந்துவிட்டால் சின்னப் பேச்சும் எங்கே போகும் என்று இங்கே பிறந்த யாருக்கும் தெரியும். எங்கள் இருவர் நெற்றியிலும் திருநீறு இருந்தது. அவர் சொன்னபடியே செய்வதென்று தீர்மானித்தேன். லோடு ஆட்டோவை அழைத்து, புதுமண் நான்கு சாக்கை ஏற்றி, டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வாட்ச்மேன் அண்ணன் வாசல்வரை வந்து, “நானும் வரட்டா மக்கா?” என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் புரிந்துவிடும்.

வழியெல்லாம் வீடுகளில் நட்சத்திரங்கள் தொங்கின. சொல்லவேண்டிய வாக்கியத்தை மனதுக்குள் பத்துமுறை சொல்லிப் பார்த்தேன். பழைய மண், ஒட்டாது, இது நல்ல மண்.

சர்ச் வளாகத்தில் மண்டபத்தை ஒட்டிப் பந்தல் போட்டிருந்தார்கள். ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். மூங்கிலும் சாக்கும் வைத்து ஒரு மலை எழும்பியிருந்தது. அதில் பாதிக்குமேல் எங்கள் மண்ணைப் பூசியிருந்தார்கள். ஈரம் காயாத சாம்பல் பச்சை. எனக்கு அந்த நிறம் உடனே தெரிந்தது. ஒரு பெரிய அலுமினிய அண்டாவில் மண்ணைக் கரைத்து வைத்திருந்தார்கள். நான்கு சின்னப் பெண்குழந்தைகள் தரையில் உட்கார்ந்து அந்த மண்ணில் ஆடு செய்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி கன்னத்தில் மண் அப்பியிருந்தது. அவள் இன்னொரு கையில் அச்சுமுறுக்கு இருந்தது.

அவளை நோக்கிப் பந்தலுக்குள் நடந்தேன்.

“யாரு வேணும்?” என்று கேட்டபடி ஒருவர் எழுந்து வந்தார். ஐம்பது வயது தாண்டியவர், கண்ணாடி, முழங்கைவரை மண். அவர்தான் அந்த அன்பியத்தின் தலைவி. குவைத்தில் இருபது வருடத்துக்குமேல் நர்ஸாக இருந்துவிட்டுத் திரும்பியவர் என்று பின்னால் தெரிந்தது. அங்கே எல்லோரும் அவரை அக்கா என்றே அழைத்தார்கள்.

“பட்டறையில இருந்து வாறேன் அக்கா. நேத்து தந்தது பழைய மண்ணு. ஒட்டாது. காஞ்சா உதுந்திரும். நல்ல மண்ணு கொண்டுவந்திருக்கேன். அதை எடுத்திட்டு இதைத் தந்திட்டுப் போலாம்னு...”

“நல்லா ஒட்டுதே,” என்றார் அக்கா திரும்பி மலையைப் பார்த்தபடி. “எங்களுக்கு இது மதி, இதே போதும். அதுவும் இருக்கட்டு, கூடுதல் வேண்டிவரும்.”

“இல்லக்கா, இதைத் திருப்பி எடுத்தாத்தான்...”

பேச்சை முடிக்காமல் வேகமாகப் போய், சுவரோரம் பிரிக்காமல் இருந்த சாக்கு ஒன்றைத் தூக்கினேன். நின்று பேசிக்கொண்டிருந்தால் மாட்டிக்கொள்வேன் என்று தோன்றியது. சாக்கைத் தூக்கி இடுப்பில் வைத்தபோது எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பது தெரிந்தது.

“மோளே,” என்றார் அக்கா. குரல் மாறியிருந்தது. “நீ எதுக்கு கிளவுஸ் போட்டிருக்க?”

குனிந்து பார்த்தேன். முழங்கை வரை நீளும் பட்டறை ரப்பர் கையுறை. அந்தச் சாக்குகளைத் தொடும்போது போட்டுப் போட்டு, ஆட்டோவை விட்டு இறங்கும்போதே கை தானாக மாட்டியிருக்கிறது. புதுமண் சாக்குகளை ஆட்டோவில் ஏற்றும்போது நான் அதைப் போட்டிருக்கவில்லை. அவர்கள் வெறுங்கையால் பிசைந்துகொண்டிருக்கிற மண்ணைத் தூக்க எனக்குக் கையுறை வேண்டியிருந்தது.

அப்போது பந்தலின் மூலையிலிருந்து ஒரு இளம்பெண் மெதுவாக எழுந்து வந்தாள். அவள் கணவன் ஓமானில் வேலை செய்பவன் என்று பிறகு தெரிந்துகொண்டேன். இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டினாள். விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் சிவந்து தடித்து, சின்னச் சின்னக் கொப்புளமாக இருந்தது.

“நேத்து ராத்திரி பிசையும்போதே சொறிய ஆரம்பிச்சிது. எறும்பு கடிச்சதாக்கும்னு நெனச்சேன்,” என்றாள். “இந்த மண்ணுல என்னமாம் உண்டா அக்கா?”

அவள் என்னைவிடப் பத்து வயதாவது சிறியவள். என்னை அக்கா என்றாள். சாக்கைக் கீழே வைத்தேன்.

“உண்டு,” என்றேன். “பிள்ளையள மொதல்ல எழுப்புங்க. அந்த முறுக்கைத் தூரப் போடச் சொல்லுங்க. நான் சொன்னது பொய். இது பட்டறைக் கழிவுத் தண்ணிய சுத்தம் பண்ணின மண்ணு. நிக்கல் உண்டு இதுல. வாட்ச்மேன் அண்ணனுக்குத் தெரியாது. தெரியாம தந்திட்டாரு.”

நான் எதிர்பார்த்த கூச்சல் உடனே வரவில்லை. அக்காதான் முதலில் அசைந்தார். குழந்தைகள் நால்வரையும் கையைப் பிடித்துத் தூக்கி, பைப்படிக்குக் கொண்டுபோய், சோப்புக் கேட்டு வாங்கி, நகக்கண் வரை தேய்த்துக் கழுவினார். வாய் கொப்பளிக்கச் சொன்னார். உடுப்பு மாற்ற வீட்டுக்கு அனுப்பினார். மற்றப் பெண்களையும் வரிசையில் நிற்கவைத்தார். இதையெல்லாம் ஆஸ்பத்திரி வார்டில் செய்வதுபோலப் படபடப்பே இல்லாமல் செய்தார். தன் கையைக் கடைசியில்தான் கழுவினார். கழுவும்போதே என்னைப் பார்க்காமல் கேள்வி கேட்டார்.

“எந்த நிக்கல்? கரையிறதா, கரையாததா?”

“மண்ணு பிடிச்சு வச்சிருக்கும். சும்மா தண்ணில பெருசா விடாது. புளிப்புப் பட்டா விடும். வேர்வை பட்டாலும் கொஞ்சம் விடும்.”

“வயத்துக்குள்ள போனா?”

“வயத்துலயும் புளிப்புதானே அக்கா. விடும். ஒரு துளி மண்ணுல ஆபத்தா ஒண்ணும் வராதுன்னு நெனைக்கேன். ஆனா எனக்கு உறுதியாச் சொல்லத் தெரியாது.”

“தெரியாதுன்னு சொன்னியே, அது கொள்ளாம், நல்ல காரியம்,” என்றார்.

கூச்சல் அதற்குப் பிறகு வந்தது. அச்சுமுறுக்கு வைத்திருந்த குழந்தையின் அம்மா ஓடிவந்தாள். “எங்க குடில்ல கொண்டு விஷத்த வச்சியளே, ஒங்க வீட்டுப் பிள்ளையளுக்கு இதைக் குடுப்பியளா?” என்று என் முகத்துக்கு நேராகக் கத்தினாள். ரோட்டில் போன ஆண்கள் சிலர் உள்ளே வந்தார்கள். ஒருவர் என் நெற்றியைப் பார்த்ததை நான் பார்த்தேன். “வேணும்னே செய்ததாக்கும்,” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. முதலாளி பயந்தது நடக்கத் தொடங்குகிறது என்று நினைத்தேன். ஆட்டோ டிரைவர் வண்டியைத் திருப்பி ரோட்டைப் பார்க்க நிறுத்தினார்.

அந்த நேரம் வாட்ச்மேன் அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். நான் வேண்டாம் என்று சொல்லியும் சானல் கரை வழியே நடந்தே வந்திருக்கிறார். சட்டை முழுக்க வேர்த்திருந்தது.

“யாரும் அந்தப் பிள்ளையை ஒண்ணும் பறயாதிய,” என்றார். “சாக்கை எடுத்துக் குடுத்தது நானாக்கும். ஏசுகதா இருந்தா என்னை ஏசுங்க.”

“அண்ணே, சாக்குல எழுதி வைக்காதது நான்,” என்றேன். “ஒங்ககிட்ட சொல்லாம இருந்ததும் நான்.”

“நீ சும்மா இரி மக்கா.”

“நான் சும்மா இருந்ததுனாலதான் இப்பிடி வந்திச்சு.”

அக்கா இடையில் வந்து நின்றார். “ரெண்டு பேரும் பொறவு சண்டை போடுங்க. ஏலே, யாரு வேணும்னே செய்ததுன்னு பறஞ்சது? வேணும்னே செய்தவ நம்ம முன்னால வந்து நின்னு சொல்லுவாளா? மூளை இல்லியா?” என்று பின்னால் பார்த்து அதட்டினார். பிறகு என்னிடம், “இனி என்ன செய்யணும்? சொல்லு. செய்வோம்,” என்றார்.

பட்டறையிலிருந்து கையுறைகளும் தார்ப்பாயும் என் மருந்துப் பெட்டியும் வரவழைத்தேன். மலையைக் கலைத்தோம். பூசிய மண்ணை ஈரத்தோடு சுரண்டிச் சாக்கில் போட்டோம். மூங்கிலையும் துடைத்தோம். கூட்டத்தில் நின்ற ஆண்களில் இரண்டுபேர் கேட்காமலே கையுறை மாட்டிக்கொண்டு மண்வெட்டி பிடித்தார்கள். தரையில் ஒரு விரற்கடை அளவு மண்ணையும் வழித்து எடுத்தோம். அண்டாவில் இருந்ததை டிரம்மில் ஊற்றினோம். அப்படியும் ஒரு வாளி குறைந்தது. கேட்டபோது கை சிவந்திருந்த அந்த இளம்பெண் தலைகுனிந்து, மிச்சம் கிடந்ததை வீட்டுக் கறிவேப்பிலைத் தொட்டியில் போட்டதாகச் சொன்னாள். செடியோடு தொட்டியையும் எடுத்துவந்தோம்.

பிறகுதான் யாரோ கேட்டார்கள், முந்தின இரவும் அன்று காலையும் எல்லோரும் கை கழுவிய தண்ணீர் எங்கே போயிற்று என்று. பைப்படியிலிருந்து போகும் சின்ன வாய்க்கால் சர்ச் கிணற்றைச் சுற்றித்தான் போனது. சுற்றிலும் உள்ள வீடுகள் குடிக்கத் தண்ணீர் எடுப்பது அந்தக் கிணற்றில்.

பெட்டியைத் திறந்து ஒரு பெஞ்சில் சோதனைக் குழாய்களை நிறுத்தினேன். முதலில் எங்கள் மண்ணில் சிறிது எடுத்து, எலுமிச்சைச் சாற்றில் கரைத்து, வடிகட்டி, அம்மோனியாவும் மருந்தும் சொட்டவிட்டேன். இது எப்படிச் சிவக்கும் என்று அவர்கள் முதலில் பார்த்தால்தான் சிவக்காததையும் நம்புவார்கள். சொட்டிய உடனே ரோஜா நிறம் புகைபோலக் கீழே இறங்கியது. “மாதாவே,” என்றாள் ஒருத்தி.

அடுத்த குழாயில் கிணற்றுத் தண்ணீர். மருந்தைச் சொட்டவிட்டேன். நிறம் மாறவில்லை. அக்கா குழாயை வாங்கி, தன் வெள்ளைச் சேலை முந்தானைக்கு முன்னால் பிடித்துக்கொண்டார்.

“இன்னும் கொஞ்ச நேரம் பாப்போம்.”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்ற அந்த ஐந்து நிமிடத்தைப்போல நீண்ட நேரத்தை நான் அனுபவித்ததில்லை. நான் குழாயைப் பார்க்கவில்லை. கிணற்றடியில் குடத்தோடு நின்ற ஒரு பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் குடத்தை நிரப்பவும் இல்லை, போகவும் இல்லை.

“ஒண்ணுமில்ல,” என்றார் அக்கா.

பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அன்றைக்கு ஒரு பொய் போதும் என்று இருந்தது. “இந்த மருந்துக்கு அகப்படாத சின்ன அளவு இருக்கலாம்,” என்றேன். “பெரிய லேபுக்கு அனுப்பணும். ரிசல்ட் வாறவரைக்கும் இந்தத் தண்ணியக் குடிக்காண்டாம்.” முணுமுணுப்பு எழுந்தது. கிறிஸ்துமஸ் வாரத்தில் குடிதண்ணீருக்கு எங்கே போவது? அக்கா என்னிடம் முதலாளிக்குப் போன் போட்டுத் தரச் சொன்னார்.

“நீங்க இங்க வரணும்,” என்றார் அவரிடம். “வரும்போ ஒரு டேங்கர் குடிதண்ணி கொண்டு வரணும். ரிசல்ட் வாறவரைக்கும் டெய்லி வேணும். இல்ல, நான் சண்டைக்கு விளிக்கல்ல. வாங்க.”

மூன்று மணிவாக்கில் முதலாளி வந்தார். பின்னால் டேங்கர். வண்டியை விட்டு இறங்கியவர் கூட்டத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். வழியில் ஏதாவது சொல்ல யோசித்து வைத்திருப்பார். அக்கா அவரை ஒன்றும் சொல்லவிடாமல், அந்த இளம்பெண்ணின் கையைப் பிடித்து அவர் முன்னால் நீட்டினார். அவர் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“எனக்க மவளுக்கும் இந்த வயசுதான்,” என்றார் கடைசியில். “வா மக்கா, டாக்டர்ட்ட போவோம்.”

கருங்கலில் டாக்டர், நிக்கல் ஒத்துக்கொள்ளாத தோல் என்றார். கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகுமா என்று கேட்டார். ஆமாம் என்றாள். அதே நிக்கல்தான், களிம்பு போட்டால் இரண்டு வாரத்தில் சரியாகும் என்றார். குழந்தைகளையும் பார்த்தார். அவர்களுக்கு ஒன்றுமில்லை. கிணற்றுத் தண்ணீரின் முடிவு புத்தாண்டுக்குப் பிறகு வந்தது. குடிக்கலாம் என்று எழுதியிருந்தது. அதுவரை டேங்கர் தினமும் போயிற்று.

அந்த வருடம் அவர்கள் குடிலில் மலை இல்லை. நான் கொண்டுபோன நல்ல மண்ணையும் சோதித்துக் காட்டினேன், சிவக்கவில்லை. ஆனாலும் களிமண்ணே வேண்டாம் என்று விட்டார்கள். வைக்கோலும் தென்னையோலையும் வைத்துத் தரையில் கட்டினார்கள். கிறிஸ்துமஸ் அன்று மாலை நானும் என் கணவரும் போய்ப் பார்த்தோம். சிலர் பேசினார்கள். சிலர் பேசவில்லை.

அதிகாரிகளுக்கு நடந்ததை நாங்களே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அக்கா கறாராக இருந்தார். முதலாளி இரண்டு நாள் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பூட்டுள்ள அறை கட்டும்வரை பட்டறையை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. ஐந்து வாரம் நின்றது. பாலிஷ் போடும் பெண்கள் ஆறுபேருக்கும் வேலை இல்லை. அவர்களில் ஒருத்தி, பஸ்ஸில் என் பக்கத்து இடம் காலியாக இருந்தும் உட்காராமல் கருங்கல் வரை நின்றுகொண்டே வந்தாள். அவள் வீட்டில் அவள் சம்பளம் மட்டும்தான்.

முதலாளி என்னிடம் ஒரு மாதம் வேலை விஷயம் தவிர வேறு பேசவில்லை. வாட்ச்மேன் அண்ணனை அனுப்பிவிடலாம் என்றார். அவரை அனுப்பினால் நானும் போகிறேன் என்றேன். அனுப்பவில்லை. ஆனால் அண்ணன் தானாகவே ஈஸ்டருக்கு முன்னால் வேலையை விட்டு நின்றுகொண்டார். காரணம் கேட்டதற்கு, “எனக்கு இனி ஒரு சாமானுக்கும் காவல் நிக்க பயமும் பேடியுமா இருக்கு மக்கா. எதுக்குள்ள என்னது இருக்குன்னு ஆரு கண்டா,” என்றார்.

இப்போது அறை இருக்கிறது. சிமெண்ட் தரை, இரட்டைப் பூட்டு, ஒவ்வொரு சாக்கிலும் சிவப்பு எழுத்து. புதிதாக யார் வேலைக்கு வந்தாலும் முதல்நாளே குழாயில் மண்ணைக் கரைத்து, சிவக்கவைத்துக் காட்டிவிட்டுத்தான் மற்றதைச் சொல்கிறேன். மே மாதம் லாரி வந்து பழைய சாக்குகளை ஏற்றிக்கொண்டு போயிற்று. கறிவேப்பிலைச் செடி வாடி நின்ற தொட்டியையும் அதில்தான் ஏற்றினோம்.

போன மாதம் கருங்கல் சந்தையில் அந்த இளம்பெண்ணைப் பார்த்தேன். மரச்சீனிக் கிழங்கு வாங்கிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தாலே என் கண் முகத்துக்குப் போகுமுன் கைக்குப் போய்விடுகிறது. அவள் அதைக் கவனித்துவிட்டாள்.

“சரியாச்சுக்கா,” என்று இரண்டு கைகளையும் புரட்டிக் காட்டினாள். பிறகு, சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, “எங்க அம்மை வீட்டுப் பக்கத்துல ஒரு கம்பெனி உண்டு. அங்கயிருந்து வாற வெள்ளம் ஒருமாதிரி நெறமா இருக்கு. ஒரு குப்பில கொண்டு வந்தா பாத்துத் தருவியளா?” என்றாள்.

கொண்டு வா என்றேன்.